ஏழு மணி நேரம் முன்னால் சொன்ன பதில்

தட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலை நாலு மணி. ஆய்வகத்தில் ஏர்கோன் எப்போதும் போல எலும்பைக் குடைகிற குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கையுறைக்குள் என் விரல்கள் வேர்த்து நசநசத்தன.

காலையில் இதே தட்டை இதே கையால் எடுத்துப் பார்த்திருந்தேன். அப்போது அந்த மருந்துப் பொட்டைச் சுற்றியிருந்த வட்டம் சுத்தமாக இருந்தது. இப்போது வட்டத்தின் ஓரம் மங்கியிருந்தது. கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அந்த அளவுக்குத்தான். மங்கலுக்கு உள்ளே ஊசி முனையால் குத்தியது போல நாலைந்து புள்ளிகள்.

கையுறையைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். புள்ளிகள் அங்கேயேதான் இருந்தன. என் கண்ணில் கோளாறாக இருக்கக்கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அந்தத் தட்டுக்கு உரிய மனிதர் அப்போது மருத்துவமனைக் கட்டிலில் இல்லை. கடலைத் தாண்டி, பத்து காவான் என்கிற ஊரில், மகளின் நிக்காஹ் நடக்கிற வீட்டில் இருந்தார். அவரை அங்கே அனுப்பி வைத்தது நான்.

பொட்டும் வட்டமும்

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்தில் இத்தனை வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இந்த வாரம் வருகிற மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் வேலை லேசில் புரியக்கூடியதுதான். நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ வளர்ந்த கிருமியை எடுத்து, ஒரு வட்டத் தட்டில் மெழுகுவது போல மெல்லப் பூசுவோம். அதன் மேல் மருந்து ஊறிய காகிதப் பொட்டுகளை வைப்போம். சூடான பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி முளைத்திருக்கும். மருந்து கேட்கிற இடத்தில் மட்டும் பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வட்டமாக வெற்றிடம் தெரியும். அந்த வட்டத்தை அளந்து எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எழுதுவோம். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்வார்.

கேட்காத கிருமிகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வட்டமே இல்லாத தட்டைக் கண்டால் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். இப்போதெல்லாம் யாரும் எழுந்து வந்து பார்ப்பதில்லை.

எல்லா மருந்துக்கும் ஒரே நேரக் கணக்கு கிடையாது. சிலவற்றைப் பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வான்கோமைசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. மற்றவை கைவிட்டபின் டாக்டர்கள் நம்புகிற பெரிய மருந்து. அதை மட்டும் முழுசாக இருபத்து நாலு மணி நேரம் வைத்து, பிறகு ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அதை எதிர்த்து நிற்கிற கிருமி சில சமயம் மெதுவாகத்தான் முகம் காட்டும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆளே நான்தான்.

கேபிள்

இந்த ஊரில் ஒருவருக்கு உள்ளே ஆள் இருந்தால் மலாய்க்காரர்கள் ‘கேபிள்’ இருக்கிறது என்பார்கள். நாமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். லைசன்ஸ் எடுக்க ஒரு கேபிள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு கேபிள். ஆய்வகத்துக்கு, என்னை அறிந்த அத்தனை குடும்பங்களுக்கும் நான்தான் கேபிள்.

“பவானிக்கா, அம்மாவோட ரிசல்ட் வந்துருச்சா பாருங்களேன்” என்று தொலைபேசி வரும். முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் நல்ல செய்தி. கெட்ட செய்தி என்றால் “டாக்டர் சொல்வாங்க, பொறுங்க” என்று நழுவிவிடுவேன். இப்படிச் சொன்னாலே விஷயம் என்னவென்று ஆட்கள் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் நழுவவும் வழியில்லாமல் போயிற்று.

என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு இருந்த மரியாதை சாமிக்குக்கூட இல்லை. படிக்காமல் ஒரு தாளில் கையெழுத்திட மாட்டார், தபால்காரரை வாசலில் நிற்க வைத்து முழுக் கடிதத்தையும் படிப்பார். அந்த இரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது. சரிபார்க்காத அறிக்கை எதிலும் நான் கையெழுத்து வைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வாயால் சொல்வதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

ஜமால் அண்ணன்

நூர்ஜஹான் என்னோடு இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்திலிருந்து படித்தவள். அவள் நானா என்று கூப்பிடுகிற அண்ணன் ஜமால், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எனக்கு நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்தபோது கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். “கிருமிய எல்லாம் பாக்கறே, பேப்பர்ல இருக்கற எழுத்து தெரியலயா ஒனக்கு?” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேலி செய்தார்.

பிறகு அவருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கிற சிகிச்சை. கழுத்துக்குக் கீழே குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய் வழியாக எப்படியோ கிருமி உள்ளே போய்விட்டது. காய்ச்சலும் நடுக்கமுமாக எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தத்தில் கிருமி வளர்ந்தது. டாக்டர் அஸ்மா வான்கோமைசினை ஆரம்பித்துவிட்டு, எங்கள் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ஒரே மகளுக்கு நிக்காஹ். மகன் பத்து காவானில் புதிதாக வாங்கிய வீட்டில் வைத்திருந்தார்கள். தகப்பன் இல்லாவிட்டாலும் வேறு ஒருவரைப் பொறுப்பாக நிறுத்தி நிக்காஹை நடத்திவிடலாம். ஆனால் ஜமால் அண்ணன் தானே உட்கார்ந்து, தன் வாயால் பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

டாக்டர் அஸ்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். மருந்து கேட்கிறது என்று முடிவு வந்தால் ரெண்டு மணி நேரம் போய்வரலாம், கேட்கவில்லை என்றால் படுக்கையை விட்டு அசையக்கூடாது.

காலை ஒன்பது மணி

தட்டை நான் வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குப் பெட்டியில் வைத்தேன். வெள்ளி காலை ஒன்பதுக்கு எடுத்துப் பார்த்தேன். எதற்கு எடுத்தேன் என்றால், நூர்ஜஹான் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.

மேசை மேல் வைத்தே பார்த்தேன். வட்டம் பெரிதாக, ஓரம் நறுக்கென்று இருந்தது. மனசு லேசாகிவிட்டது. மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

“நூர், கவலப்படாத லா. மருந்து கேக்குது.”

“உண்மையாவா பவானி? ஷுவரா?”

“சாயங்காலந்தான் ரிப்போர்ட் வரும். ஆனா நான் பாத்துட்டேன். நல்லா கேக்குது.”

அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குடும்பத்தின் கல்யாணத்தையே காப்பாற்றிக் கொடுத்த மாதிரி நடந்து உள்ளே வந்தேன்.

அவர்கள் சாயங்காலம் வரை காத்திருப்பார்கள் என்று நினைத்தேனா? அசருக்குப் பிறகு நிக்காஹ் என்று எனக்குத் தெரியும். நாலு மணிக்குத்தான் அறிக்கை வரும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரு நொடி பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மத்தியான ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே, சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு அவரை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். வார்டில் தாதி தடுத்திருக்கிறாள். “ரிசல்ட் நல்லா வந்துருச்சு, லேப்லயே சொல்லிட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாலு மணிக்குப் பிறகு

தட்டை மிஸ் ஊய் கையில் கொடுத்தேன். எங்கள் பகுதித் தலைவி. வாயாடிச் சீனத்தி. அவளும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை வைக்க வேண்டும். அது மறுநாள்தான் முடியும். ஆனால் சந்தேகம் வந்த நிமிடமே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் அஸ்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “அவர் மத்தியானமே போயிட்டாரே. ரிசல்ட் நல்லா இருக்குன்னு அவங்க கிட்ட யார் சொன்னது?” என்றார்.

“நான்தான் டாக்டர்.”

நான் தொலைபேசியின் சுருள் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“கூட்டிட்டு வாங்க. வேற மருந்து தயாரா வைக்கிறேன். சீக்கிரம்.”

நூர்ஜஹானைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு முறை, ஏழு முறை. கல்யாண வீட்டில் யார் கைப்பையில் இருக்கிற போனை எடுப்பார்கள்? வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை, வார்டில் எழுதியிருந்ததும் அவள் எண்தான். மிஸ் ஊய் நான் கழற்றிய ஆய்வக மேல்சட்டையைக் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, “போ” என்றாள்.

பாலத்தின் மேல்

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிற இரண்டாவது பாலம் நீளமானது. மற்ற நாளில் எனக்குப் பிடித்த பாதை. இரண்டு பக்கமும் கடல், மீன் கூண்டுகள், வெயில். அன்றைக்குத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆலை வேலை விடுகிற நேரம் வேறு. எனக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ஹாரன் அடிக்கிற ஆளில்லை. அன்று கை எடுக்காமல் அடித்தேன்.

போகிற வழியெல்லாம் மனசுக்குள் சாக்குத் தேடினேன். பதினேழு மணி நேரத்தில் யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நான் அறிக்கை கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டது அவர்கள். ஒவ்வொன்றும் சரிதான், ஒன்றும் நெஞ்சில் நிற்கவில்லை. கேட்காத மருந்தை நம்பிக்கொண்டு ஒரு மனிதர் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கிறது. காரை நிறுத்தி நூர்ஜஹானை மறுபடியும் கூப்பிடலாமா என்று தோன்றியது. பாலத்தில் நிறுத்த இடமில்லை.

புது வீடமைப்புப் பகுதி. எல்லா வீடும் ஒரே அச்சு. எந்த வரிசை என்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கடைசியில் பிரியாணி மணமும் கூடாரமும்தான் வழி காட்டின.

கூடாரத்தில்

நூர்ஜஹான் வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டாள். ரோஜா நிறப் பட்டு. நான் கல்யாணத்துக்கு வந்திருப்பதாக நினைத்து முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துட்டியா! வேலையா இருக்கும், வரமாட்டேன்னு நெனச்சேன். வா வா, மொத சாப்பிடு.”

“நூர், அண்ணன் எங்க? அவர உடனே கொண்டுபோகணும். அந்த மருந்து கேக்கல.”

“என்னா பேசுற நீ? நீதானே சொன்ன?”

“சொன்னேன். அவசரப்பட்டு சொல்லிட்டேன். தப்பு. ஏம் மேல தப்பு.”

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஆண்கள் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் அண்ணனை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி, தோளில் கம்பளிப் போர்வை. முகம் சாம்பலாக இருந்தது. பற்கள் லேசாகத் தந்தியடித்தன. காய்ச்சல் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும், வெளியே சொல்லவில்லை.

நான் அவர் பக்கத்தில் குனிந்து சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னேன்.

“அண்ணே, காலையில நான் நூர் கிட்ட சொன்னது தப்பு. ஒங்களுக்கு வேற மருந்து போடணும். டாக்டர் ரெடியா இருக்காங்க. இப்பவே கெளம்பணும்.”

அவர் என் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “காதியார் உக்காந்திருக்காரு பாரு. மாப்ள உக்காந்திருக்காரு. பத்து நிமிஷம் தாம்மா.”

“முடியாது” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் அங்கே நான் ஒருத்திதான். காலையில் சொல்லக்கூடாததைச் சொன்ன எனக்கு, இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்ல நா எழவில்லை.

“பத்து நிமிஷந்தான் அண்ணே” என்றேன்.

பெண்கள் பக்கம் போய்ச் சுவரோரம் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றேன். நிக்காஹை நடத்தி வைக்கிற காதியார் குத்பா உரையை ஓதினார். ஜமால் அண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல், பெண்ணைக் கொடுக்கிற வார்த்தைகளைச் சொன்னார். மாப்பிள்ளை ஒரே மூச்சில் பதில் சொன்னார். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். மகள் வந்து அவர் கையை முத்தமிட்டாள். பதினாலு நிமிடம் ஆயிற்று.

எழுந்து நின்றவருக்கு முழங்கால் மடங்கிவிட்டது. மகனும் மாப்பிள்ளையும் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏற்றினார்கள். புது மாப்பிள்ளையின் சட்டையில் மாலைப் பூக்கள் நசுங்கிப்போயின.

பிறகு

புது மருந்தை அன்று இரவே ஆரம்பித்தார்கள். மறுநாள் எங்கள் இரண்டாவது சோதனையும் நான் பயந்ததையே சொன்னது. மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கையை ஆட்டினார். பிறகு இதயத்தின் வால்வில் கிருமி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இருபது நாள் போராடினார். ஒரு விடியற்காலை போய்விட்டார்.

நடந்ததையெல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு மாதம் தட்டுப் பக்கமே போகாமல், தட்டுக்குள் ஊற்றுகிற கூழ் காய்ச்சும் அறையில் வேலை. மிஸ் ஊய் மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, “நீ சொல்லாமலே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

டாக்டர் அஸ்மாவிடம் ஒன்று கேட்டேன். காலையிலேயே மருந்தை மாற்றியிருந்தால், அவர் படுக்கையிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா?

அவர் நல்லவர், பொய் சொல்ல மாட்டார். “காலையில ஒங்ககிட்டயே சரியான பதில் இல்லையே பவானி. இருந்தாலும், அந்த அலைச்சல், அந்தக் கொஞ்ச மணி நேரம்... அதனாலதான் போனார்னு சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் என்னால சொல்ல முடியல.”

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய மறுநாள் நூர்ஜஹான் என் வீட்டுக்கு வந்தாள். அடுக்குச் சட்டியில் நெய்ச்சோறும், ஆட்டுக்கறியும், தால்ச்சாவும். நானே போய் அவள் காலில் விழ வேண்டியவள், அவள் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். சமையலறை மேசையில் தானே எடுத்து வைத்தாள்.

“பவானி, ஒன்னு சொல்லணும். நீ அன்னைக்கு அப்டி சொல்லலன்னா நாங்க நானாவ வெளிய கூட்டிட்டுப் போயிருக்கவே மாட்டோம். மகள கட்டிக் குடுக்காமலே போயிருப்பாரு. கடைசி நாள் வரைக்கும் அதயேதான் பேசிட்டு இருந்தாரு. அண்ணி ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்கு துஆ செய்றாங்க.”

“நூர், அப்டி சொல்லாத. அன்னைக்கு நான் வாய மூடிட்டு இருந்திருந்தா, ஒருவேள அவரு...”

“வேணாம்” என்றாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “அத மட்டும் சொல்லாத. எங்க வீட்ல எல்லாரும் இத வச்சுத்தான் நாள ஓட்டுறோம். எங்ககிட்ட இருந்து அத எடுத்துடாத.”

நான் சொல்லவில்லை. அவள் எடுத்து வைத்ததை, அவள் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.